டீச்சரிடம் கேளுங்கள்: பெருவெடிப்பு எங்கே வெடித்தது?

போன இதழில் நட்சத்திரங்களின் வயதைப் பற்றி எழுதியபோது 'பெருவெடிப்பு' என்ற சொல்லை விளக்காமலே கடந்து போய்விட்டேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் நான். பிள்ளைகள் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொண்ட சொல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

டீச்சர், பெருவெடிப்பு எங்கே வெடித்தது? வானத்தில் எந்தத் திசையில் பார்த்தால் அந்த இடம் தெரியும்? வெடியைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெடித்த இடத்தில் கருகிய தடம் இருக்க வேண்டுமே?
*- சிவகாசியிலிருந்து ஒரு வாசகர்*

உங்கள் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு சரவெடி வெடித்த பிறகு போய்ப் பார்த்தால், நடுவில் தரை கருகியிருக்கும், சுற்றிலும் காகிதம் சிதறிக் கிடக்கும். சிதறலின் போக்கைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் வெடித்த இடத்துக்கு வந்துவிடலாம். பேரண்டத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

நானே பல வருஷம் இதைத் தப்பாக நடத்தியிருக்கிறேன். கரும்பலகையின் நடுவில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைப்பேன். அதிலிருந்து நாலாபக்கமும் கோடு இழுத்து, "இப்படித்தான் வெடித்துச் சிதறியது" என்பேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், புள்ளிக்கு வெளியே போர்டு இருக்கே, அது என்ன?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் படித்த பிறகு அந்தப் படத்தை நான் வரைந்ததே இல்லை.

மறுநாள் வகுப்புக்குத் தையல் கடையில் வாங்கிய எலாஸ்டிக் நாடா ஒன்றைக் கொண்டுபோனேன். அதில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, இரண்டு பிள்ளைகளை ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். நாடா இரண்டு மடங்கு நீண்டது. ஏதாவது ஒரு புள்ளியை 'நம்ம ஊர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டரில் இருந்த பக்கத்துப் புள்ளி இப்போது இரண்டு சென்டிமீட்டரில் இருக்கிறது, அதாவது ஒன்று நகர்ந்திருக்கிறது. ஐந்தில் இருந்த புள்ளி பத்துக்குப் போயிருக்கிறது, அதாவது அதே நேரத்தில் ஐந்து நகர்ந்திருக்கிறது. தூரத்தில் இருப்பது வேகமாக விலகுகிறது. இப்போது வேறொரு புள்ளியை 'நம்ம ஊர்' ஆக்கிவிட்டு அளந்து பாருங்கள், அங்கிருந்தும் இதே கணக்குத்தான் வரும். எந்தப் புள்ளியும் நடு இல்லை. அல்லது எல்லாப் புள்ளியும் நடு என்றும் சொல்லலாம்.

1929இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹப்பிள் நட்சத்திர மண்டலங்களை (நம் பால்வெளி போன்ற பெரும் நட்சத்திரக் கூட்டங்களை) அளந்து வெளியிட்டது இந்தக் கணக்கைத்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1927இல், பெல்ஜியம் நாட்டுப் பாதிரியாரும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லெமெய்த்ர் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து அதை வருவித்துவிட்டார். பிரெஞ்சில் எழுதி, பலர் கண்ணில் படாத ஓர் இதழில் வெளியிட்டதால் கவனிக்க ஆள் இல்லை. நெடுங்காலம் ஹப்பிள் விதி என்று மட்டும் அழைக்கப்பட்டதை ஹப்பிள்-லெமெய்த்ர் விதி என்று சொல்லும்படி பன்னாட்டு வானியல் ஒன்றியம் பரிந்துரைத்தது 2018இல்தான். என் பழைய மாணவர்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்கள் தயவுசெய்து இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

சரி, இனி நாடாவைத் தளரவிட்டுப் பின்னோக்கிப் போவோம். புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்கும். இன்னும் பின்னால் போனால் பேரண்டப் பொருள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு, தாங்க முடியாத சூட்டில் இருந்த ஒரு நிலை வரும். சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சூடான, அடர்த்தியான நிலைக்கும், அதிலிருந்து வெளி விரியத் தொடங்கியதற்கும் சேர்த்துத்தான் 'பெருவெடிப்பு' என்று பெயர். ஏற்கெனவே காலியாகக் கிடந்த இடத்துக்குள் ஒரு பொருள் வெடித்துச் சிதறவில்லை. இடமே விரிந்தது. எங்கே என்று கேட்டீர்கள். எல்லா இடத்திலும்தான். உங்கள் கடிதத்தை எழுதிய மேசை இருக்கிற இடமும் அன்றைக்கு அந்தச் சூட்டுக்குள்தான் இருந்தது.

"அப்படியானால் நானும் விரிகிறேனா?" என்று அடுத்த கடிதம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். இல்லை. நம் உடம்பை அணுக்களின் மின்விசை பிடித்து வைத்திருக்கிறது. பூமியையும் சூரியனையும் பால்வெளியையும் ஈர்ப்பு விசை பிடித்து வைத்திருக்கிறது. பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமெடா நம்மை விட்டு விலகவில்லை, நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. விரிவு தெரிவதெல்லாம் மண்டலக் கூட்டங்களுக்கு இடையிலான பெரிய பெரிய தூரங்களில்தான்.

'பிக் பேங்' என்பது கேலியாக வைத்த பெயர், எதிராளி வைத்த பட்டப்பெயர் என்று படித்தேன். உண்மையா? நாமும் அந்தக் கேலியைத்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறோமா?
*- தஞ்சாவூரிலிருந்து ஒரு தமிழாசிரியர்*

ஐயா, எதிராளி வைத்த பெயர் என்பது உண்மை. கேலிக்காக வைத்தார் என்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை.

பெயர் வைத்தவர் ஃபிரெட் ஹாயில், கேம்பிரிட்ஜ் வானியலாளர். 1949 மார்ச் 28ஆம் தேதி பிபிசி வானொலியில் பேசினார். பேரண்டத்தின் பொருள் முழுவதும் நெடுங்காலத்துக்கு முன் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரே ஒரு 'பிக் பேங்'கில் உண்டாயிற்று என்று சிலர் கருதுகிறார்கள் என்று சொல்லி, அதைத் தான் ஏற்கவில்லை என்றார். வானொலியில் படம் காட்ட முடியாது. கேட்கிறவர் மனதில் சட்டென்று ஒரு காட்சி எழ வேண்டும். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன், இகழ்வதற்காக இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் வகுப்பில் நின்று பேசியவள் என்பதால் நான் அதை முழுதாக நம்புகிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போது நமக்கும் அப்படித்தான் சொல் வரும்.

ஹாயில் ஏன் எதிர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வீம்புக்காக எதிர்க்கவில்லை. ஹப்பிள் அன்று அளந்த தூரங்களில் பெரிய பிழை இருந்தது. அந்தக் கணக்குப்படி பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுதான் வந்தது. பூமியின் பாறைகளுக்கே அதைவிட வயது அதிகம் என்று கதிரியக்க அளவீடுகள் காட்டின. பிள்ளைக்கு வயது அதிகம், தாய்க்கு வயது குறைவு என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆகவே ஹாயிலும் ஹெர்மன் போண்டி, தாமஸ் கோல்ட் என்ற இருவரும் 1948இல் வேறொரு வழி சொன்னார்கள். பேரண்டம் விரிகிறது, ஆனால் விரிகிற இடைவெளியில் புதுப்பொருள் மிக மெல்லத் தோன்றிக்கொண்டே இருக்கிறது, அதனால் அது என்றும் ஒரே தோற்றத்தில் இருக்கிறது, தொடக்கம் என்று ஒன்று அதற்கு இல்லை என்பது அவர்கள் கோட்பாடு. நிலைத்த நிலைக் கோட்பாடு என்று அதைச் சொல்வோம். 1950களில் வால்டர் பாடே முதலானவர்கள் தூரக் கணக்கைத் திருத்தத் திருத்த, வயதுச் சிக்கல் மெல்ல விலகியது.

ஹாயிலைத் தோற்றவர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பெரிய அநியாயம். நம் உடம்பிலுள்ள கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் நட்சத்திரங்களின் வயிற்றில் சமைந்தவை என்று 1957இல் மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து விரிவாக நிறுவியவர் அவர். 1964இல் ரோஜர் டெய்லருடன் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார். பேரண்டத்தில் இருக்கிற ஹீலியம் முழுவதையும் சாதாரண நட்சத்திரங்கள் மட்டுமே செய்திருக்க முடியாது, கொடும் சூடான ஒரு நிலை தேவை என்று அதில் கணக்குக் காட்டினார். தன் எதிர்க்கட்சிக்கு வலுவான சாட்சியைத் தானே எழுதிக் கொடுத்த மனிதர். 2001இல் இறக்கும்வரை பெருவெடிப்பை ஏற்கவில்லை. அவருடைய மாணவர் நம் நாட்டு ஜயந்த் நார்லிகர். புனேயில் பல்கலைக்கழகங்களுக்கான வானியல் மையத்தை 1988இல் உருவாக்கி நடத்தியவர், 2025 மே மாதம் மறைந்தார். அவரும் கடைசிவரை அந்தக் கட்சிதான். நான் அந்தக் கட்சி இல்லை. ஆனாலும் வகுப்பில் ஒரு முழு பீரியட் அவர்கள் பக்கத்து வாதத்தைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடித்ததில்லை.

இன்னொன்று. வெடி என்ற காட்சிக்கு ஹாயில் மட்டும் பொறுப்பில்லை. லெமெய்த்ர் 1931இல் 'ஆதி அணு' என்று பேசத் தொடங்கினார். உலகின் வளர்ச்சியை இப்போதுதான் முடிந்த ஒரு வாணவேடிக்கைக்கு அவரே ஒப்பிட்டிருக்கிறார். கொஞ்சம் சாம்பலும் புகையும்தான் மிச்சம், ஆறிப்போன கரித்துண்டு ஒன்றின் மேல் நின்றுகொண்டு சூரியன்கள் மங்குவதைப் பார்க்கிறோம் என்கிறார். (சிவகாசி வாசகர் இதைப் படிக்க வேண்டும்.) ஒருவர் ஏற்றுக்கொண்டு பட்டாசு என்றார், ஒருவர் மறுத்துக்கொண்டு பட்டாசு என்றார்.

அந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொள்ளவும் இல்லை. அடுத்த பதினைந்து வருஷம் அறிவியல் கட்டுரைகளில் அது அபூர்வம். 1965க்குப் பிறகுதான் பரவியது. 1993இல் அமெரிக்காவின் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழ், இதைவிடப் பொருத்தமான பெயர் சொல்லுங்கள் என்று போட்டி வைத்தது. வானியலாளர் கார்ல் சேகன் நடுவர்களில் ஒருவர். பதிமூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. எதுவுமே பழைய பெயரைவிட நன்றாக இல்லை என்று முடிவு சொல்லிவிட்டார்கள்.

இனி தமிழுக்கு வருகிறேன். ஆங்கிலத்துப் 'பேங்' முதலில் ஒரு சத்தம், டமார் என்கிற மாதிரி. ஜெர்மன்காரர்கள் 'ஊர்க்னால்' என்கிறார்கள், ஆதி வெடிச்சத்தம் என்று பொருள். அங்கேயும் சத்தம்தான். நம் 'வெடிப்பு' அப்படி இல்லை. நான் கரிசல் மண்ணில் பிறந்தவள், கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊரில் 'வெடிச்சிருச்சு' என்று யாராவது சொன்னால் யாரும் காதைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள். மாசி, பங்குனியில் "பருத்தி வெடிச்சிருச்சு, ஆள் கூப்பிடணும்" என்பார் அம்மா. முந்தின நாள் இறுகிப் பச்சையாக இருந்த காய், மறுநாள் வாய் பிளந்து, உள்ளே மடங்கிக் கிடந்த பஞ்சு முழுவதும் பொங்கி நிற்கும். ஒரு சத்தமும் இருக்காது. சித்திரை வெயிலில் நிலம் வெடிக்கும். கன்றுக்குட்டியின் கால் போய் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வெடிப்பு விழும், அதிலும் சத்தம் இல்லை. வெள்ளரிப்பழம் வெடிக்கும், குதிகால் வெடிக்கும். உள்ளிருந்து இழுபட்டுத் திறந்துகொள்வதற்குத் தமிழில் வெடிப்பு என்றுதான் பெயர். ஆகவே நாம் கேலியைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை ஐயா. மொழிபெயர்த்தவர் சத்தத்தை நினைத்துப் பெயர்த்தாரோ என்னவோ, சொல் தன்னுடைய பழைய பொருளையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது. பெருவெடிப்பு என்று படிக்கும்போது எனக்கு அம்மாவின் பருத்திக்காடுதான் முன்னால் வரும்.

பருத்தி உவமையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பஞ்சு வெளியே இருக்கிற காற்றுக்குள் விரிகிறது. பேரண்டத்துக்கு அப்படி ஒரு வெளிப்புறம் வேண்டியதில்லை. மற்றபடி பட்டாசைவிடப் பருத்தி எவ்வளவோ மேல்.

பெருவெடிப்பு, பெரு வெடிப்பு, பெருவெடி, மாவெடிப்பு, மகா வெடிப்பு: எது சரி? கொள்கையா, கோட்பாடா?
*- சென்னையில் மெய்ப்புத் திருத்தும் ஒரு வாசகி*

'பெருவெடிப்பு' என்று சேர்த்து எழுதுங்கள். பெருமை என்ற பண்புப்பெயர் வெடிப்போடு சேர்ந்து 'பெரு' ஆகி நிற்கிறது. உயிரெழுத்து வந்தால் அதே சொல் 'பேர்' ஆகும், அதனால்தான் பேரண்டம். வெடிப்பும் அண்டமும் ஒரே முன்சொல்லோடு நடப்பது எனக்குப் பிடித்த பொருத்தம். பின்னால் கோட்பாடு வந்தால் ஒற்று மிகும்: பெருவெடிப்புக் கோட்பாடு. 'பெருவெடி' என்று எழுதினால் வெடிபொருள் என்ற நினைப்பு வந்துவிடும், வேண்டாம். மற்ற இரண்டும் தப்பில்லை, வழக்கில் ஊன்றவில்லை, அவ்வளவுதான். கொள்கை என்பது ஒருவர் வைத்துக்கொள்வது. சோதித்துப் பார்க்கக்கூடிய விளக்கத்துக்குக் கோட்பாடு என்பதே நல்லது.

திருத்தும்போது இன்னும் இரண்டு இடங்களில் கண் வையுங்கள். ஒன்று எண். 13.8 பில்லியன் என்றால் 1380 கோடி. ஒரு பில்லியன் நூறு கோடி. 138 கோடி என்று அச்சாகி நான் பார்த்திருக்கிறேன், ஒரு சைபரில் பேரண்டத்தின் வயது பத்தில் ஒன்றாகிவிடுகிறது. இரண்டாவது, 'பெருவெடிப்பில் பூமி உண்டானது' என்ற வாக்கியம். பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு. பெருவெடிப்புக்கும் பூமிக்கும் நடுவில் 900 கோடி ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் உண்டான அணுக்கருக்கள் ஹைட்ரஜனும் ஹீலியமும், மிகச் சொற்பமாக லித்தியமும்தான். நிறையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். மண்ணுக்கும் கல்லுக்கும் வேண்டியதெல்லாம் பிறகு நட்சத்திரங்களில் சமைந்தது.

பழைய டிவியில் சேனல் கிடைக்காதபோது தெரிகிற புள்ளிகளில் பெருவெடிப்பு தெரியும் என்கிறானே என் பேரன்? விளையாட்டுக்குச் சொல்கிறானா?
*- ராமநாதபுரத்திலிருந்து ஒரு பாட்டி*

விளையாட்டு இல்லை அம்மா, உங்கள் பேரன் சொல்வது சரி. நம் பக்கத்தில் மொட்டைமாடியில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் டவரை நோக்கித் திருப்பி, கீழே இருந்து ஒருவர் "வந்திருச்சு, வந்திருச்சு, ஐயோ போயிருச்சு" என்று கத்துவாரே, அந்தக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் ஊரில் ரூபவாகினிகூடக் கிடைத்திருக்கும். படம் போனதும் திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் கொதிக்கும். எங்கள் வீட்டில் "கொசு மொய்க்குது" என்போம். அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதி டிவியின் சொந்த இரைச்சல், சுற்றியுள்ள மின்கருவிகளின் இரைச்சல். சுமார் நூற்றில் ஒரு பங்கு பெருவெடிப்பின் மிச்ச ஒளி.

பேரண்டத்துக்குச் சுமார் 3,80,000 வயது ஆனபோது அது 3000 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்தது. அதுவரை மூடுபனிக்குள் மாட்டிக்கொண்டது போல ஒளி நேராகப் போக வழியில்லாமல் மோதிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எலெக்ட்ரான்கள் அணுக்கருவோடு போய் ஒட்டிக்கொண்டன, பனி விலகியது, ஒளி புறப்பட்டது. அன்றிலிருந்து வெளி சுமார் 1100 மடங்கு விரிந்துவிட்டதால், அந்த ஒளியின் அலைகளும் இழுபட்டு நுண்ணலைகளாகிவிட்டன. இன்றைக்கு அதன் வெப்பநிலை 2.725 கெல்வின், அதாவது பூஜ்ஜியத்துக்குக் கீழே 270 டிகிரி செல்சியஸ். உங்கள் அடுப்படியில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் இந்த நேரத்தில் அந்த ஒளியின் துகள்கள் சுமார் 400 இருக்கின்றன.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவை வைத்துக்கொண்டு ஆர்னோ பென்ஸியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் 1964இல் இந்த இரைச்சலோடு மல்லுக்கட்டினார்கள். கொம்புக்குள் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றைப் பிடித்து அகற்றி, எச்சத்தையெல்லாம் கழுவிச் சுத்தம் செய்தும் இரைச்சல் போகவில்லை. பகலிலும் அதே அளவு, இரவிலும் அதே அளவு. எந்தத் திசையில் திருப்பினாலும் அதே அளவு. சிவகாசி வாசகருக்கான ஆதாரமும் இதுதான்: ஓரிடத்தில் வெடித்திருந்தால் ஒரு திசையிலிருந்துதானே வர வேண்டும்? 1965இல் செய்தி வெளியானது, 1978இல் நோபல் பரிசு வந்தது. வில்சன் மாணவராக இருந்தபோது அண்டவியல் பாடம் கேட்டது ஹாயிலிடம். லெமெய்த்ர் 1966 ஜூனில் இறந்தார். அதற்குச் சற்று முன் இந்தச் செய்தி அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தேடிய வாணவேடிக்கையின் மிச்ச வெளிச்சம் கிடைத்துவிட்டது என்று அறிந்த பிறகே கண்ணை மூடினார். இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்குக் குரல் கம்மிவிடும்.

திருவாசகத்தில் மாணிக்கவாசகர் பெருவெடிப்பை அன்றே சொல்லிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
*- மதுரையிலிருந்து ஒரு வாசகர்*

எனக்கும் வந்தது, வெவ்வேறு ஆட்களிடமிருந்து நாலு தடவை. திருவண்டப்பகுதியில் வரும் 'நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன' என்ற அடியை எடுத்துப் போட்டு, விரிந்தன என்று இருக்கிறது பாருங்கள் என்கிறார்கள். அடுத்த அடியையும் சேர்த்துப் படியுங்கள்: 'இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய'. ஓட்டு வீட்டுக்குள் கூரை இடுக்கு வழியாக வெயில் ஒரு கம்பி போல இறங்கும், அதில் தூசுகள் மிதக்கும். எண்ணிக்கைக்கு அடங்காமல் பரந்து கிடக்கிற அண்டங்கள் எல்லாம் இறைவனுக்கு முன்னால் அந்தத் தூசுகள் மாதிரி சிறியவை என்கிறார் மாணிக்கவாசகர். இறைவனின் பெருமையைச் சொல்கிற பாட்டு அது. சூடான தொடக்கத்தைப் பற்றியோ விலகும் மண்டலங்களைப் பற்றியோ அதில் பேச்சு இல்லை.

எனக்குத் திருவாசகத்தின் மேல் இருக்கிற பிரியத்தால்தான் இதைச் சொல்கிறேன். வெயில் கம்பியில் தூசைப் பார்த்து அண்டங்களின் அளவை நினைத்த மனம் எவ்வளவு பெரியது! அந்த அடிக்குள் ஹப்பிளைத் தேடினால் தூசு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வெளிநாட்டிலும் இதே ஆசை இருந்தது. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சாட்சி போலப் பேசினார். பாதிரியாரான லெமெய்த்ரே அதை விரும்பவில்லை. வேதத்துக்கு வேதத்தின் வழி, இயற்பியலுக்கு இயற்பியலின் வழி என்று இரண்டையும் கலக்காமல் வைத்திருந்தவர் அவர்.

பெருவெடிப்புக்கு முன்னால் என்ன இருந்தது?
*- பலர்*

பின்னோக்கிப் போகப் போக ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகள் ஓரிடத்தில் வேலை செய்யாமல் போகின்றன. தொடக்கத்தை ஒட்டி, ஒரு நொடியைக் கோடி கோடியாக ஆறு முறை வகுத்தாலும் எட்டாத சிறு கணம் அது. அதற்குள் போக ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் ஒன்றாகச் சேர்க்கும் கோட்பாடு வேண்டும், அது இன்னும் உருவாகவில்லை. 'பெருவெடிப்புக் கோட்பாடு' என்பது அந்தக் கணத்துக்குப் பிறகு நடந்ததன் கதை. ஆகவே 'பெருவெடிப்புக்கு முன் வெறும் வெற்றிடமாக இருந்தது' என்று யாராவது எழுதினால் அது கோட்பாடு சொன்னது அல்ல, எழுதியவர் சொன்னது.

டீச்சர், பெருவெடிப்பு வெடிச்சப்போ சத்தம் கேட்டிருக்குமா? விண்வெளியில் சத்தம் கேட்காதுன்னு எங்க மிஸ் சொன்னாங்க.
*- ஓசூரிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவி*

இந்த வாரத்தின் மிக நல்ல கேள்வி உன்னுடையதுதான் கண்ணு. உங்கள் மிஸ் சொன்னது சரி. சத்தம் போக ஏதாவது ஒரு பொருள் வேண்டும், காற்றோ தண்ணீரோ. இன்றைய விண்வெளியில் அது போதுமான அளவு இல்லை. ஆனால் முதல் 3,80,000 ஆண்டுகள் விண்வெளி இப்படிக் காலியாக இல்லை. மேலே பாட்டிக்கு எழுதியிருக்கிறேனே, அந்த மூடுபனி, அது முழுக்கச் சூடான பொருளும் ஒளியும் கலந்த குழம்பு. அதில் சில இடங்களில் அடர்த்தி துளி கூடுதலாக இருந்தது. ஈர்ப்பு அந்த இடத்தை உள்ளே அமுக்கியது, ஒளியின் அழுத்தம் திருப்பி வெளியே தள்ளியது. அமுங்கி, விரிந்து, அமுங்கி, விரிந்து ஓர் அலை கிளம்பியது. சத்தம் என்பதே அதுதானே? ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் அது போனது. ஆக 'டமார்' என்று ஒரு வெடிச்சத்தம் இல்லை. ஆனால் ஒலி அலைகள் இருந்தன. கேட்க அங்கே காது இருந்திருந்தாலும் கேட்டிருக்காது. ஓர் அலை முடிந்து அடுத்தது வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும், அவ்வளவு தாழ்ந்த ஸ்வரம்.

பனி விலகியதும் அழுத்தம் போய்விட்டது, அலை போன இடத்திலேயே நின்றுவிட்டது. குளத்தில் கல் போட்டதும் வளையம் கிளம்பும்போது தண்ணீர் சட்டென்று உறைந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்த வளையங்கள் பேரண்டத்தோடு சேர்ந்து விரிந்தன. அவற்றின் மேல் கொஞ்சம் கூடுதலாக நட்சத்திர மண்டலங்கள் பிறந்தன. 2005இல் பல்லாயிரக்கணக்கான மண்டலங்களின் இடைவெளியை அளந்து பார்த்தபோது, கிட்டத்தட்ட 50 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் (ஒளி ஓர் ஆண்டில் போகிற தூரம்தான் ஓர் ஒளியாண்டு) அந்த வளையத்தின் தடம் கிடைத்தது. உங்கள் மிஸ்ஸிடம் இதைக் காட்டு. அவர்கள் ஏதாவது கேட்டால் எனக்கு எழுது, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் போடுகிறேன்.